கிராஸா, ஒரிஜினலா? லட்டுவை வாங்கும் முன் யாராவது சொல்லியிருக்கலாம்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் காலை ஆறு மணிக்கு எங்கள் நாய் லட்டுவைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனால் வாரத்துக்கு இரண்டு பேராவது வண்டியை நிறுத்திக் கேட்கிறார்கள். “என்ன ப்ரீட் மேடம் இது? எங்க வாங்கினீங்க? எவ்வளவு ஆச்சு?” தெருவில் நின்று அரை நிமிஷத்தில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விகள் இல்லை இவை. அவன் பின்னங்காலை ஏன் ஒரு மாதிரி வைக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. அது கண்ணில் பட வேண்டுமென்றால் ஐந்து நிமிஷமாவது கூட நடக்க வேண்டும். 2022 தீபாவளியில் தொடங்கி ஒன்றரை வருஷம் நான் ஒருத்தியாக ஓடிய ஓட்டத்தையும், கையை விட்டுப் போன பணத்தையும், நடுவில் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். குட்டி வாங்க அட்வான்ஸ் கொடுக்கப் போகிற ஒருவராவது அதற்கு முன் இதைப் படித்தால் போதும்.

என் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. நான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பையனுக்கு அப்போது பதினொரு வயது. சின்னதிலிருந்தே அவனுக்கு வீசிங் உண்டு. ஐப்பசி வந்தாலே இன்ஹேலரைப் பள்ளிப் பையில் வைத்து அனுப்புவேன். மூன்று வருஷமாக நாய் கேட்டுக்கொண்டிருந்தான். கொரோனா சமயத்தில் வீட்டுக்குள்ளேயே தனியாகக் கிடந்த பிள்ளை, கேட்பது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் தம்பி ஒரு லேப்ரடார் வளர்க்கிறான். அங்கே போய் இரண்டு நாள் தங்கினால் இவனுக்கு ராத்திரியெல்லாம் இருமல். அதனால் லேப் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் ‘லேப்ரடூடுல்’ என்ற பெயர் கண்ணில் பட்டது. லேப்ரடாருக்கும், சுருட்டை முடியுள்ள பூடில் இனத்துக்கும் பிறக்கும் கிராஸ், அதாவது கலப்பு. “முடி கொட்டாது மேடம், அலர்ஜி வரவே வராது. ரெண்டு ரத்தம் கலந்ததால ஒரு நோயும் அண்டாது” என்று விற்பவர் போனில் சொன்னார். நாற்பத்தைந்தாயிரம் சொல்லி, 38,000-க்கு இறங்கி வந்தார். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. பையனுக்கு நாயும் ஆச்சு, மூச்சுக்கும் பயமில்லை என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

குட்டியை எங்கே வந்து பார்க்கலாம் என்று கேட்டேன். “கென்னல் ரொம்ப உள்ள இருக்கு, நீங்க அலைய வேணாம், நானே கொண்டு வந்து தர்றேன்” என்றார். அக்கறையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு பேக்கரி வாசலில் வைத்து, ஆப்பிள் அட்டைப் பெட்டியிலிருந்து குட்டியை எடுத்துக் கொடுத்தார். பணம் ஜிபேயில் போனது. திரையில் வந்த பெயர் அவருடையது இல்லை, “தம்பி அக்கவுண்ட் மேடம்” என்றார். பில் இல்லை. ஒரு தடுப்பூசி அட்டை கொடுத்தார், அதில் ஒரு தேதியும் ஒரு கையெழுத்தும் மட்டும் இருந்தன. இப்போது யோசித்தால் அந்தப் பத்து நிமிஷத்தில் நான் திரும்பி வந்திருக்க வேண்டிய காரணங்கள் நாலைந்து இருந்தன. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், உள்ளங்கையில் சூடாக ஒரு உடம்பு, அதன் மூக்கு என் கட்டை விரலைத் தேடுகிறது, அவ்வளவுதான்.

தீபாவளி அன்று காலை லட்டு பால் குடிக்கவில்லை. வெடிச் சத்தத்துக்குப் பயந்திருக்கிறான் என்று நினைத்தோம். மத்தியானம் நுரை நுரையாக வாந்தி. சாயந்திரம் ரத்தமாகப் போனான். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பழைய இரும்பும் அழுகிய மாமிசமும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. பண்டிகை நாள், பக்கத்தில் இருந்த இரண்டு கிளினிக்கும் பூட்டு. குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பையன் பின்னால் உட்கார, வெடிக்கு நடுவில் ஸ்கூட்டியில் சுற்றினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு டாக்டர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் குட்டியின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இதுக்கு எத்தனை நாள்னு சொன்னாங்கம்மா?” என்று கேட்டார். ஐம்பது நாள் என்றேன். “கடைவாய்ப் பால் பல் இப்பதான் முளைக்குது. அஞ்சு வாரம், மிஞ்சினா ஆறு. தாய்கிட்ட இருக்க வேண்டிய குட்டி” என்றார். பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரையே எடுக்கக்கூடிய வைரஸ் நோய்.

ஆறு நாள் ட்ரிப்ஸ். பகலில் கிளினிக், ராத்திரி வீடு. முன்னங்காலில் சொருகிய ஊசியை அவன் கடித்துவிடாமல் இருக்க, பையன் தரையில் படுத்துக்கொண்டு அந்தக் காலை இரண்டு விரலால் பிடித்தபடியே தூங்கிப்போனான். பரிசோதனை, ட்ரிப்ஸ், வாந்தி நிற்க ஊசி, ஆன்டிபயாடிக் எல்லாம் சேர்த்து 17,400 ரூபாய். விற்றவருக்குப் போன் செய்தேன். “நான் கொடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு, உங்க வீட்டுலதான் வந்திருக்கும்” என்றார். மறுநாளிலிருந்து என் நம்பரிலிருந்து போனே போகவில்லை. பார்வோ கிருமி உடம்புக்குள் போய், பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளில்தான் வாந்தியும் பேதியும் வெளியே தெரியும் என்று டாக்டர் சொன்னார். நாலாம் நாள் வெளியே வந்த நோயைத் தன் இடத்திலிருந்தே கொடுத்தார் என்று என்னால் நிரூபிக்கவும் முடியாது; ஆனால் ஒரு ஊசியும் போடாமல், ஐந்து வாரத்தில் தாயிடமிருந்து பிரித்துப் பெட்டியில் போட்டவர் அவர்தான்.

இது சம்பந்தமாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் முடியாத குட்டியை விற்கவே கூடாது என்று மத்திய அரசின் 2017-ம் வருஷத்து நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகள் சொல்கின்றன. குட்டி உற்பத்தி செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. எனக்கு இரண்டுமே தெரியாது. தடுப்பூசி போட்டிருந்தால், மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரைக் கிழித்து அட்டையில் ஒட்டியிருப்பார்கள், பக்கத்தில் டாக்டரின் பதிவு எண் இருக்கும். வெறும் கையெழுத்தை நம்பாதீர்கள். முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில், பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்று, கடைசி ஊசி பதினாறு வாரம் நிறைந்த பிறகு. அது முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள். பார்வோ வந்த வீட்டில் வேறு குட்டி கொண்டு வருவதானாலும் அவசரம் வேண்டாம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கும். தரையை வெறும் பினாயில் போட்டுத் துடைத்தால் சாகாது. ப்ளீச் திரவத்தை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து, பத்து நிமிஷம் ஊறவிட்டுத்தான் கழுவ வேண்டும். நான் ஒரு வாரம் பினாயிலை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

லட்டு பிழைத்துக்கொண்டான். நாலு மாதம் வீடு வீடாக இருந்தது. பையனுக்கு இருமல்கூட இல்லை, நானும் கொடுத்த பணம் வீண் போகவில்லை என்று நினைத்தேன். எட்டாம் மாதம் குட்டி முடி உதிர்ந்து பெரிய முடி வர ஆரம்பித்தது. துடைப்பத்தில் உருண்டை உருண்டையாக முடி. முகம் லேப் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது; காதிலும் மார்பிலும் வாலிலும் மட்டும் நீள முடி. சுருட்டையே இல்லை. ஒரு ராத்திரி பையன் எழுந்து உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினான். ஜிப்மர் பக்கம் ஆட்டோ பிடித்து ஓடியபோது மணி இரண்டு. நெபுலைசர் வைத்தபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. நாயால் வந்ததா, வேறெதனாலோ வந்ததா என்று யார் கேட்டாலும் அந்த நேரத்தில் என் மனசில் ஒரே எண்ணம்தான்: என் பிள்ளைக்கு நானே காசு கொடுத்து இதை வாங்கினேன்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், கேட்டேன். நெஞ்சு டாக்டர் சொன்ன முதல் விஷயம், நாய் அலர்ஜி முடியில் இல்லை என்பது. நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் செதிலிலும் இருக்கும் புரதத்தால்தான் வருகிறது. முடி அதைத் தூக்கிக்கொண்டு வருகிற வண்டி மட்டும்தான். முடி கொட்டாத நாய்க்கும் எச்சில் உண்டு, தோல் உண்டு. ‘அலர்ஜி வராத இனம்’ என்று விற்கப்படும் நாய்கள் இருந்த வீடுகளின் தூசியை 2011-ல் அமெரிக்காவில் சோதித்திருக்கிறார்கள். மற்ற நாய் இருந்த வீடுகளைவிட அந்தப் புரதம் குறைவாக இல்லை. 2012-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் லேப்ரடூடுலையும் சேர்த்து முடியைச் சோதித்தபோதும், முடியில் அளவு குறைந்திருக்கவில்லை. ஆளுக்கு ஆள், நாய்க்கு நாய் வித்தியாசம் உண்டு. ஒரு குறிப்பிட்ட நாயிடம் உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆனால் அதை இனத்தின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. வீசிங் இருக்கிற வீட்டில் குட்டியைப் பார்த்து முடிவு செய்யாமல், அதன் தாய் தகப்பன் இருக்கிற வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போய், மூன்று நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார வையுங்கள். அதற்கு முன் நெஞ்சு டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

லேப்ரடூடுல் எப்படி வந்தது என்ற கதையை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். 1989 வாக்கில் ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய் வளர்க்கும் சங்கம் ஒன்றில் வாலி கான்ரன் என்பவர் வேலை பார்த்தார். ஹவாயில் இருந்த பார்வையில்லாத ஒரு பெண்மணிக்கு நாய் வேண்டும், ஆனால் அவர் கணவருக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது. பூடில்களைப் பழக்கிப் பார்த்தார், சரிவரவில்லை. லேபும் பூடிலும் சேர்ந்து பிறந்த மூன்று குட்டிகளின் முடியையும் எச்சிலையும் அங்கே அனுப்பிச் சோதித்ததில், ஒரே ஒரு குட்டிதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. சுல்தான் என்று பெயர். மூன்றில் ஒன்று! அதே தாய், அதே தகப்பன், முதன்முதலில் செய்தவர் கையிலேயே. பிறகு உலகம் முழுக்க ஆள் ஆளுக்கு இதைப் பிறப்பித்து விற்க ஆரம்பித்ததைப் பார்த்து, 2019-ல் ஒரு பேட்டியில் அவரே இதற்காக வருத்தப்பட்டிருக்கிறார். அந்த மூன்றில் ஒன்று என்ற கணக்கை பேக்கரி வாசலில் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் போதும்.

லட்டு ஏன் சுருட்டையாக வரவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. நாய் முடியின் நீளம், சுருட்டை, முகத்தில் தாடி மீசை மாதிரி வளர்வது, இந்த மூன்றையும் பெரும்பாலும் மூன்று மரபணுக்கள்தான் தீர்மானிக்கின்றன என்று 2009-ல் கண்டுபிடித்தார்கள். சுத்த லேபுக்கும் சுத்த பூடிலுக்கும் நேராகப் பிறந்த குட்டி என்றால் தாடி மீசை வரும், ஏனென்றால் ஒரு பக்கத்திலிருந்து கிடைத்தாலே அது வெளியில் தெரியும். கிராஸையும் கிராஸையும் சேர்த்தால் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி. சராசரியாக நாலில் ஒரு குட்டி தாடி மீசை இல்லாமல் வரும், வந்தால் முடி கொட்டும். லட்டு அப்படிப் பிறந்தவன் என்பதை டாக்டர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். எட்டு வாரக் குட்டியின் மூக்குத் தண்டைப் பாருங்கள். அங்கே முடி குட்டையாக, படிந்து, வழவழப்பாக இருந்தால், ‘முடி கொட்டாது’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். இது ஒரு நொடியில் பார்க்கக்கூடிய விஷயம், யாரும் சொல்லித் தருவதில்லை.

உதிர்கிற முடி கீழே விழுந்தாலாவது பரவாயில்லை. நீள முடிக்குள் சிக்கிக்கொண்டால் சிக்கு. நம் புதுச்சேரிக் காற்று எப்போதும் ஈரம், கடலோரம் வேறு. குளிப்பாட்டிவிட்டு மின்விசிறிக்குக் கீழே படுக்கவிட்டால் வெளியே காய்ந்திருக்கும், அடியில் ஈரம் அப்படியே நிற்கும். நான் மேலாகச் சீவிவிட்டு, சீவிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காதுக்குப் பின்னால் ஒருநாள் விரல் விட்டால் உள்ளே போகவில்லை. பழைய கம்பளத்தைத் தொட்ட மாதிரி தடித்து, தோலோடு ஒட்டிக் கிடந்தது. க்ரூமிங் செய்கிற பெண் மெஷினை வைத்தபோது மார்பிலிருந்து வயிறுவரை ஒரே பாளமாக, கிழித்தெடுத்த துணி மாதிரி வந்தது. அடியில் தோல் சிவந்து, இரண்டு இடத்தில் புண். லட்டு ஒரு சத்தம் போடவில்லை. அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. “அடி முடிவரை பிரிச்சுப் பிரிச்சுச் சீவணும்க்கா, தினமும்” என்று ஒரு கம்பிச் சீப்பைக் கையில் கொடுத்து, என் விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தாள். அதிலிருந்து ஒருநாள் விடாமல் இருபது நிமிஷம். தோல், காது சீழுக்கு 9,800 ரூபாய். க்ரூமிங் ஒரு தடவைக்கு 1,500, இதுவரை எட்டு தடவை.

அப்புறம் கால். பத்து மாதத்தில் அவன் ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல் மாதிரித் துள்ளினான். பையனுக்கு அது வேடிக்கை, வீடியோ எடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பினான். மாடிப்படி ஏற யோசிக்க ஆரம்பித்தபோதுதான் எனக்கு உறைத்தது. குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பின் உருண்டை, கிண்ணத்தில் பாதிதான் உட்கார்ந்திருந்தது. ஹிப் டிஸ்பிளேசியா, இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத நோய். சென்னை வேப்பேரியில் இன்னொரு முறை காட்டினேன், வாடகைக் காரில் இரண்டு தடவை போய்வந்தேன். உடனே ஆபரேஷன் வேண்டாம், எடையைக் குறைத்துப் பார்ப்போம் என்றார்கள். 31 கிலோவிலிருந்து 26-க்குக் கொண்டுவர ஏழு மாதம் ஆனது. வீட்டில் டைல்ஸ் தரை முழுக்க ரப்பர் விரிப்பு போட்டேன், கால் வழுக்கினால் மூட்டு இன்னும் கெடும். ஓட்டம் கிடையாது, புல்தரையில் மெதுவான நடை. எக்ஸ்ரே, மருந்து, கார் எல்லாம் 21,000. தீனியைச் சேர்க்காமல், குட்டி விலையோடு மொத்தம் 98,200 ரூபாய். அலுவலகத்தில் பதினொரு நாள் லீவு.

நடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு சாரார், “அதான், கிராஸ் வாங்கினா இப்படித்தான். பேப்பரோட ஒரிஜினல் வாங்கியிருக்கணும்” என்கிறார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் என் தம்பியின் லேப்ரடாருக்குப் பேப்பர் உண்டு, மைக்ரோசிப் உண்டு, மூன்று தலைமுறைப் பெயர் உண்டு. அதற்கும் இதே இடுப்பு. தம்பி வாங்கும்போது பேப்பரைப் பார்த்தான், தாயின் எக்ஸ்ரேயைக் கேட்கவில்லை. கென்னல் கிளப் பேப்பர் என்பது இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று சொல்லும் வம்சச் சான்று. உடம்பு நன்றாக இருக்கிறது என்று அது சொல்வதில்லை. இடுப்பு நோய் லேபிலும் உண்டு, பூடிலிலும் உண்டு. கண்பார்வையை மெல்லப் பறிக்கும் ஒரு பரம்பரை விழித்திரை நோயும் இரண்டு இனத்திலும் ஒன்றே. இரண்டு பக்கமும் ஒரே குறையைச் சுமந்தால், கலப்பதால் அது எங்கே போகும்? ‘ரெண்டு ரத்தம் கலந்தா நோய் அண்டாது’ என்ற பேச்சு உடைவது இங்கேதான்.

இன்னொரு சாரார் நாட்டு நாய்தான் சிறந்தது என்பார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் நம் வெயிலுக்குப் பிறந்தவை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பால் வெள்ளையாக இருந்தால்தான் ராஜபாளையம் என்று வெள்ளைக்கு வெள்ளையே சேர்த்ததில், காது கேட்காத குட்டிகளும் பிறக்கின்றன. அதுவும் தூய இனம்தான். கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்த 27,000-க்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை வைத்து 24 பரம்பரை நோய்களை ஒப்பிட்டு 2013-ல் வெளியிட்டார்கள். பத்து நோய்கள் தூய இனங்களில் அதிகம். பதின்மூன்றில் வித்தியாசமே இல்லை, இடுப்பு நோய் அதில் ஒன்று. முழங்கால் ஜவ்வு கிழிவது மட்டும் கலப்பில் அதிகம். ஆக, கிராஸ் என்று ஒதுக்குவதற்கும் இல்லை, ஒரிஜினல் என்று கண்ணை மூடி வாங்குவதற்கும் இல்லை. கலப்பு என்றாலே கெடுதல் என்று நான் இப்போது சொல்வதில்லை. டால்மேஷன் இனத்துக்கே யூரிக் அமிலம் அதிகமாகி சிறுநீரில் கல் விழும் குறை பிறவியிலேயே இருந்தது. 1973-ல் அமெரிக்காவில் ஒரு மரபியல் அறிஞர் பாயிண்டர் இனத்தோடு ஒரே ஒரு தடவை கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடே சேர்த்து, அந்தக் குறை இல்லாத புள்ளிநாயைக் கொண்டுவந்தார். கென்னல் கிளப்காரர்கள் பல வருஷம் சண்டை போட்டு 2011-ல்தான் ஏற்றுக்கொண்டார்கள். எதற்குக் கலக்கிறோம், யாரைச் சோதித்துக் கலக்கிறோம் என்று தெரிந்து செய்த கலப்பு அது. லட்டுவைப் பிறப்பித்தவருக்கு அந்த எண்ணம் ஒரு நாளும் இருந்திருக்காது.

அதனால் இப்போது யாராவது கேட்டால் இனத்தைப் பற்றிப் பேச்சை ஆரம்பிப்பதில்லை. தாய் நாயைப் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறேன். தாய் இருக்கும் இடத்துக்குப் போங்கள். அது புதியவரைப் பார்த்து நடுங்குகிறதா, அருகில் வருகிறதா, மடி இன்னும் தொங்குகிறதா, தோல் எப்படி இருக்கிறது, எல்லாம் அங்கே தெரியும். அந்தப் பெண் நாய் இதுவரை எத்தனை ஈற்று போட்டது, போன வருஷமும் போட்டதா என்று கேளுங்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் இரண்டு வயது முடிந்த பிறகு எடுத்த இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா? குட்டி எக்ஸ்ரேயை வைத்துச் சொல்லக்கூடாது, மூட்டு முழுசாக வளர்ந்த பிறகு எடுத்ததுதான் கணக்கு. லேப், பூடில் இரண்டில் எது கலந்தாலும் அந்த விழித்திரை நோய்க்கு டி.என்.ஏ. சோதனை இருக்கிறது. இதையெல்லாம் கேட்டால் முக்கால்வாசிப் பேர் எரிச்சல்படுவார்கள். படட்டும், எரிச்சல் படுகிறவரிடம் வாங்கக்கூடாது என்று தெரிந்துவிடும். பணத்தை விற்பவர் பெயரிலேயே போடுங்கள், தேதி, குட்டியின் பிறந்த நாள், விலை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று ஒரு வக்கீல் அக்காவிடம் கேட்டபோது, அவர் முதலில் கேட்டது பில். என்னிடம் இருந்தது யாரோ ஒருவர் பெயருக்குப் போன ஒரு ஜிபே திரை மட்டும். வாங்கிய இரண்டு நாளுக்குள் உங்கள் டாக்டரிடம் காட்டி, சரியில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வார் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். அப்புறம், கையில் குட்டி விலையில் பாதியாவது தனியாக இல்லாமல் குட்டியைத் தூக்காதீர்கள். பார்வோ சம்பளத் தேதி பார்த்து வராது.

லட்டுவை யாருக்காவது கொடுத்துவிடு என்று என் மாமியாரும் கணவரும் சொன்னார்கள். அந்த நெபுலைசர் ராத்திரிக்குப் பிறகு நானும் ஒரு வாரம் யோசித்தேன். பையன் வாயைத் திறந்து கேட்கவில்லை; லட்டுவின் தட்டைக் கழுவிக் கழுவி வைத்தான், அவ்வளவுதான். டாக்டரிடம் கேட்டு, படுக்கையறைக்குள் நாய் வரக்கூடாது, வாரம் ஒருமுறை குளியல், சீவுவது மொட்டை மாடியில், பையனுக்குத் தினசரி இன்ஹேலர் என்று மாற்றினோம். அதன் பிறகு ஒரு தடவைதான் ஓட வேண்டியிருந்தது. இது எல்லா வீட்டுக்கும் சரிவராது. வீசிங் கடுமையாக உள்ள பிள்ளை என்றால் நாயைப் பிரிவதுதான் சரி. அப்படிச் செய்த தாய்மார்களை யாரும் குறை சொல்லக்கூடாது.

போன மாதம் அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைப் பெண், கோல்டன் ரிட்ரீவர் கலந்த பூடில் குட்டிக்கு 5,000 அட்வான்ஸ் கேட்கிறார்கள் என்று படத்தைக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். தாய் எங்கே என்று கேட்டதும், ஊரில் இருக்கிறது என்றார்கள். திரும்பி வந்துவிட்டோம், அவளுக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்தான். இரண்டு வாரம் கழித்து வில்லியனூர் பக்கம் ஒரு வீட்டிலிருந்து போன் செய்தாள். வீட்டுக்காரம்மா தாய் நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறார், அது நேராக வந்து இவள் மடியில் தலையை வைத்திருக்கிறது. “அக்கா, இடுப்பு எக்ஸ்ரே எடுக்கலையாம். ஆனா என் செலவுல எடுத்துக்கறேன்னா சரிங்கறாங்க. எடுக்கட்டுமா?” என்று கேட்டாள். நான் மொட்டை மாடியில் லட்டுவின் காதுக்குப் பின்னால் சீப்பை வைத்துக்கொண்டிருந்தேன். எடு, படத்தை எனக்கும் அனுப்பு என்றேன்.